உழைச்செல்வார் இருவர்: தீவக மருத்துவ வரலாறு உணர்த்தும் ஓர் ஒப்பீடு

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றும் உழைச்செல்வான் என்பன அந்நான்குமாம். இவற்றுக்கு உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு தகுதிகளை வகுக்குமிடத்து, உழைச்செல்வானிடத்து நோயாளிபால் அன்பையும் தூய்மையையும், பணித்ததை வழுவாது செய்யும் ஆற்றலையும், அறிவையும் வேண்டினார். இறுதியிற் கூறிய இரண்டும் ஒரோவழி தம்முள் மாறுபடும் இயல்பின. தீர்ப்பவன் அருகிலிருக்கும்போது பணித்ததைச் செய்தல் போதுமானது. அவன் கடலுக்கு அப்பால் இருக்கும்போது உழைச்செல்வான் தன் அறிவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியவனாகின்றான். அங்ஙனம் முடிவு செய்யும் உரிமையை யாருக்கு அளிப்பது, எவ்வளவு அளிப்பது என்னும் வினா மருத்துவ வரலாற்றில் நெடுங்காலமாக எழுந்துகொண்டிருப்பதாகும்.

இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடு 1965 ஆம் ஆண்டில் இரு விடைகளைக் கண்டது. ஒன்று "பிசிஷியன் அசிஸ்டன்ற்" எனப்படும் மருத்துவர் துணைவர். மற்றொன்று "நேர்ஸ் பிராக்டிஷனர்" எனப்படும் மருத்துவத் தாதி. இவ்விரு தொழில்களையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் அந்நாட்டு அனுபவத்தையே அளவுகோலாகக் கொள்வர். ஆயின், அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே ஈழநாடு இதையொத்த இரு வழிகளிலும் நடக்கத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத் தீவகத்தின் நிலைமையோடு வைத்து நோக்குமிடத்து, அவ்விரு வழிகளின் நன்மையும் குறையும் தெளிவாகப் புலப்படும்.

தீவகத்தின் இயல்பு

ஊர்காவற்றுறையையும் வேலணையையும் தன்னகத்தே கொண்ட லைடன் தீவு, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றை ஏழு தீவுகள் என வழங்குவது மரபு. இவற்றுட் சில தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைக்கப்பட்டுவிட்டன. பண்ணைத் தாம்போதி வேலணையை யாழ்ப்பாண நகரத்தோடு இணைக்கின்றது; வேலணையிலிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து நயினாதீவு அண்மையிலுள்ளது. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒருமணி நேரம் கடலிற் செல்ல வேண்டும். அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் படகையே நம்பியுள்ளன.

சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் வாடைக் காலத்து மழைநாள்களிலும் இக்கடல் எளிதிற் கடக்கத் தக்கதன்று. பிள்ளைப்பேற்று வேதனையும் பாம்புக்கடியும் குருதிப்பெருக்கும் காற்று அடங்கும்வரை காத்திருப்பனவல்ல. ஆகவே, தீவிலேயே தங்கியிருந்து முடிவு செய்யவல்ல ஒருவர் வேண்டும் என்பது இம்மக்களுக்கு வெறுங் கொள்கையன்று. உயிரைப் பற்றிய காரியம்.

பழங்காலத்தில் இத்தேவையை நாட்டு வைத்தியரும் ஊர் மருத்துவிச்சியும் நிறைவேற்றினர். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இம்மண்ணின் மருத்துவப் புலமைக்குச் சான்றாவன. வைத்தியம் தந்தையிடமிருந்து மகனுக்கும், பேறுபார்த்தல் தாயிடமிருந்து மகளுக்கும் வழிவழி வந்தன. அவர்கள் ஊரை விட்டகலாதவர்கள். ஆயின் கொள்ளைநோய்களின் முன்னும் சிக்கலான பிரசவத்தின் முன்னும் அவர்தம் கருவிகள் போதியனவாயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் மீண்டும் பரவிய வாந்திபேதி இதனை நன்குணர்த்தியது.

கிறீன் வைத்தியர் கண்ட வழி

அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அடுத்த ஆண்டிலேயே மாணவரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கி, மானிப்பாயைத் தம் பணிக்கு நிலைக்களமாக்கினார். 1850 ஆம் ஆண்டில் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் ஆதரவோடு யாழ்ப்பாண நகரில் நண்பர் உதவிச் சங்க மருத்துவமனை தோன்றியது. பிற்காலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அதுவே வித்து. 1873 இல் நாடு திரும்பும்வரை கிறீன் பயிற்றிய மாணவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோராவர்.

அவர் மாணவர் முதலில் ஆங்கிலத்தில் கற்றனர். தாயகம் சென்று 1862 இல் மீண்டு வந்த பின்னர், கிறீன் போதனா மொழியைத் தமிழாக்கினார். அதற்காக மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தாமும் தம் மாணவருமாகத் தமிழிற் பெயர்த்தனர். அவரது தமிழ்ப்பணியைப் போற்றுவோர் பலர். எனினும் அம்மாற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்று ஈண்டு சிறப்பாகக் கருதத்தக்கது. ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் தூர ஊர்களையும் நாடிச் செல்வர். தமிழிற் கற்றவரோ தத்தம் கிராமத்திலேயே தங்கித் தொழில் புரிவர் என்று அவர் எதிர்பார்த்தார். யாருக்கு எவ்வளவு கற்பிப்பது என்பதோடு, கற்றவர் எங்கே தங்குவர் என்பதும் மருத்துவக் கல்வியின் வினாவாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அப்போதிக்கரியின் தோற்றம்

கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கும் வடபகுதியின் அல்லலே ஒரு காரணமாயிற்று. வடமாகாணத்தில் அரசாங்க வைத்தியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் லூஸ் என்பார் வன்னியில் மக்கட்டொகை குன்றி வருவதன் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். உள்நாட்டவரை மருத்துவராகப் பயிற்றும் தேவை அதனால் வற்புறுத்தப்பட்டது. தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் ரொபின்சன் காலத்தில், 1870 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. லூஸ் அவர்களே அதன் முதல் அதிபரானார்.

முழு மருத்துவக் கல்வி பெற்றோர் தொகை நாட்டின் தேவைக்கு ஈடாகவில்லை. ஆகவே குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போதிக்கரி என்னும் வகுப்பினர் உருவாக்கப்பட்டனர். இச்சொல்லின் வரலாறே ஒரு பாடமாகும். இங்கிலாந்தில் அப்போதிக்கரி என்பான் முதலில் மருந்து கூட்டி விற்பவன். 1617 இல் தனிச்சங்கம் அமைத்தும், 1815 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலுரிமை பெற்றும், அவ்வகுப்பினர் படிப்படியாகப் பொது மருத்துவராக உயர்ந்தனர். இலங்கையிலோ அப்பெயர் மருத்துவருக்கு ஒருபடி தாழ்ந்த உத்தியோகத்தைக் குறித்து நின்றது. அங்கே உயர்வுக்கு வழியான பெயர் இங்கே எல்லைக்கோடாக மாறியது.

எனினும் நாட்டுப்புற மக்கள் அவ்வெல்லையை அறியார். தூரத்து மருந்தகங்களில் அப்போதிக்கரியே நோயைக் கண்டறிந்தார், மருந்து எழுதினார், காயத்துக்குத் தையலிட்டார், எந்த நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் தீர்மானித்தார். மக்கள் அவரை "ஐயா" என்றும் "டொக்டர்" என்றுமே விளித்தனர். பிற்காலத்தில் இவ்வகுப்பினர் உதவி வைத்திய அதிகாரி எனப் பெயர் பெற்றனர். 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவர், தாதியர், மருத்துவமாதர், மருந்தாளர் என்போரின் பதிவை ஒழுங்குபடுத்தியது. அதன் கீழ்த் தகுதியும் சேவைக்காலமும் நிரம்பியோர் பதிவுபெற்ற வைத்திய அதிகாரிகளாயினர். மத்திய மருந்தகமும் பிரசவ விடுதியும் என வழங்கிய சிறு நிலையங்கள் பலவற்றில் இவர் ஒருவரும் மருத்துவமாது ஒருவருமே மருத்துவத்துறை முழுவதுமாக நின்றனர்.

தாதியும் மருத்துவமாதும்

மற்றை வழி பெண்களின் வழி. லீச் சகோதரியர் திரட்டிய பொருளால் இணுவிலில் 1898 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மக்லியொட் மருத்துவமனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அமைந்தது. அம்மருத்துவமனையும் மானிப்பாய் மருத்துவமனையும் யாழ்ப்பாணத்துப் பெண்களைத் தாதித் தொழிலுக்குப் பயிற்றின. பிறர் நோயைத் தொட்டுப் பணிவிடை செய்தலை இழிவாகக் கருதிய காலத்தில் அப்பெண்கள் இத்தொழிலை மேற்கொண்டமை சமூக வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தியாகும். 1939 இல் கொழும்பில் அரசாங்கத் தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டபின் இத்தொழில் நாடளாவிய ஒழுங்கைப் பெற்றது.

களுத்துறையில் 1926 ஆம் ஆண்டில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது. அத்திட்டத்தின் விரிவோடு வீடுதோறும் செல்லும் பொதுச் சுகாதார மருத்துவமாது நாட்டின் பல பாகங்களிலும் காணப்பட்டாள். அவளே இன்று குடும்பநல உத்தியோகத்தர் என வழங்கப்படுகின்றாள். கருவுற்ற பெண்ணைப் பெயர் சொல்லி அறிபவளும், பிறந்த குழந்தையின் நிறையை எழுதிவைப்பவளும், தடுப்பூசி நாளை நினைவூட்டுபவளும் அவளே. 1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்த தாய் இறப்பு, இந்நூற்றாண்டில் நாற்பதுக்குக் கீழாகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பு, மருத்துவமனைகளின் பெருக்கம், இலவச மருத்துவம், பெண்கல்வி என்பன இதற்குத் துணைசெய்தன. ஆயினும், பயிற்சி பெற்ற மருத்துவமாதின் பங்கு அவற்றுள் முன்வைத்து எண்ணப்படுவதாகும்.

ஆனால் மருத்துவமனைத் தாதிக்கு இத்தகைய தன்னுரிமை கிட்டவில்லை. ஆண்டுக்கணக்காக நோயாளர் பக்கலில் நின்று அனுபவம் பெற்ற தாதியும், மருத்துவர் எழுதிய சீட்டின்றித் தாமாகவே நோயை நிர்ணயித்து மருந்து விதிக்கும் பொது அதிகாரத்தைப் பெற்றாரில்லை. மருத்துவமாதுக்கு எல்லைக்குட்பட்ட உரிமை இருந்தது. அப்போதிக்கரிக்குப் பரந்த உரிமை இருந்தது. தாதிக்கு அறிவு இருந்தது, உரிமை இல்லை.

அமெரிக்கா கண்ட இரு விடைகள்

இப்பின்னணியோடு அமெரிக்க வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து. வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் யூஜின் ஸ்ரெட், மருத்துவரின் சுமையைக் குறைக்க முதலில் தாதியரையே நாடினார். 1950களின் இறுதியில் தெல்மா இங்கிள்ஸ் என்னும் தாதியர் ஆசிரியையோடு இணைந்து அனுபவமிக்க தாதியருக்கு உயர் மருத்துவப் பயிற்சியை வகுத்தார். தாதியர் கல்விக்கு அங்கீகாரமளிக்கும் தேசிய அமைப்போ அதனை ஏற்க மறுத்தது. மருத்துவரின் வேலையைத் தாதியிடம் ஒப்படைத்தல் தாதித் தொழிலின் தனித்தன்மைக்கு ஏலாது என்பது அக்காலத்து எண்ணம். அதன்பின் ஸ்ரெட் கடற்படையில் மருத்துவப் பணி செய்து மீண்டோரை நாடினார். போர்க்களத்திலும் கப்பலிலும் மருத்துவரின்றியே காயம் பார்த்துப் பழகியவர் அவர்கள். 1965 இல் அத்தகைய நால்வரோடு முதல் வகுப்புத் தொடங்கிற்று. மருத்துவர் துணைவர் என்னும் தொழில் இவ்வாறு பிறந்தது.

அதே 1965 ஆம் ஆண்டில், கொலராடோப் பல்கலைக்கழகத்தில், நாட்டுப்புறங்களிற் பொதுச் சுகாதாரத் தாதியாகப் பணியாற்றிய லொரெற்றா போர்ட் என்பாரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் மற்றொரு திட்டத்தைத் தொடக்கினர். மருத்துவர் கிடையாத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதித்து ஆவன செய்யும் ஆற்றலைத் தாதியருக்கு அளிப்பதே அதன் நோக்கம். மருத்துவத் தாதி என்னும் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே குறையைத் தீர்க்கத் தோன்றிய இரு தொழில்கள் இரு வேறு பெற்றோரைக் கொண்டிருந்தன. ஒன்றுக்குத் தாய்வீடு மருத்துவர் சமூகம். மற்றொன்றுக்குத் தாய்வீடு தாதியர் சமூகம்.

இருவரிடையே ஒற்றுமையும் வேற்றுமையும்

இருவரும் நோயாளியை வினாவிப் பரிசோதிக்கின்றனர், நோயை நிர்ணயிக்கின்றனர், மருந்து எழுதுகின்றனர். மேலோட்டமாக நோக்குவோர்க்கு வேற்றுமை தோன்றாது. வேற்றுமை அவர்தம் கல்வியிலும், சட்டநிலையிலும், தொழிலின் நோக்கிலும் உள்ளது.

மருத்துவர் துணைவரின் கல்வி மருத்துவக் கல்வியின் சுருக்கம். உடற்கூறு, நோய்க்கூறு, மருந்தியல், மருத்துவமனைப் பயிற்சி என்பன மருத்துவ மாணவர் கற்கும் முறையிலேயே, இரண்டாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் கற்பிக்கப்படுகின்றன. எல்லாத் துறைகளும் அதில் அடங்குதலின், அவர் அறுவைக் கூடத்திலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு மாறிச் செல்ல இயலும். மருத்துவத் தாதியோ முதலில் பதிவுபெற்ற தாதியாதல் வேண்டும். அதன்மேல் முதுமாணிப் பட்டமோ அதற்கு மேற்பட்டதோ பெறுகின்றார். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், முதியோர் மருத்துவம் என ஏதேனும் ஒரு மக்கட் பிரிவைத் தமக்கெனத் தெரிந்துகொள்கின்றார். நோயை மாத்திரமன்றி நோயாளியின் வீட்டையும் உணவையும் வாழ்முறையையும் சேர்த்து நோக்குதல் தாதிமையின் மரபு.

சட்டநிலையில், மருத்துவர் துணைவர் தொடக்கமுதல் ஒரு மருத்துவரோடு இணைந்தே தொழில் புரியுமாறு அமைக்கப்பட்டவர். அவ்விணைப்புப் பல மாநிலங்களில் நெகிழ்ந்து வரினும் அடிப்படை அதுவே. மருத்துவத் தாதி இன்று அமெரிக்க மாநிலங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் மருத்துவரின் மேற்பார்வையின்றியே தொழில் நடாத்தும் முழு உரிமை பெற்றுள்ளார். மருத்துவருக்குப் பதிலாகத் தாதியர் முதனிலை மருத்துவம் வழங்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, நோயாளர் அடையும் பயன் பெரும்பாலும் மருத்துவரிடம் அடைவதற்கு நிகராகவோ சற்று மேலாகவோ இருந்ததென்றும், தாதியர் ஒவ்வொரு நோயாளிக்கும் கூடிய நேரம் செலவிட்டனரென்றும் கண்டது.

பெயரும் ஒரு பூசலாயிற்று. அமெரிக்க மருத்துவர் துணைவர் சங்கம் 2021 இல் "அசிஸ்டன்ற்" என்பதனை "அசோசியேற்" என மாற்றத் தீர்மானித்தது. பிரித்தானியாவிலோ 2025 இல் வெளியான லெங் அறிக்கை, நோயாளர் மயங்காதவாறு "அசோசியேற்" என்பதனை மீண்டும் "அசிஸ்டன்ற்" என்றே வழங்குமாறு பரிந்துரைத்தது. அப்போதிக்கரி என்னும் பெயர் இங்கிலாந்தில் ஒரு பொருளும் இலங்கையில் மற்றொரு பொருளும் தந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

அடைக்கப்பட்ட வழி

இலங்கையின் அப்போதிக்கரி, மருத்துவர் துணைவருக்கு முன்னோர் எனலாம். ஆயினும் முக்கியமானதொரு வேற்றுமை உண்டு. மருத்துவர் துணைவருக்கு மருத்துவரின் மேற்பார்வை தொழிலின் உயிர்நிலை. தீவில் இருந்த அப்போதிக்கரிக்கு அது ஏட்டளவிலேயே இருந்தது. கடிதமும் படகும் சென்று மீளுமுன் நோய் தன் போக்கில் முடிந்துவிடும். எனவே கல்வியாற் துணைவராகவும், கடமையால் முழு மருத்துவராகவும் அவர் வாழ நேர்ந்தது. பொறுப்பு முழுமையாகவும் மதிப்பு அரைகுறையாகவும் அமைந்த நிலை அது.

1942 இல் மருத்துவக் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவபீடம் தோன்றிற்று. பட்டம் பெற்ற மருத்துவர் தொகை பெருகவே, உதவி வைத்திய அதிகாரிகளைப் பயிற்றும் முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிறுத்தப்பட்டது. இந்தியாவிலும் இதனையொத்த வரலாறு உண்டு. குறுகிய காலக் கல்வி பெற்ற எல்.எம்.பி. வகுப்பினரை விடுத்து ஒரே தரமான பட்டதாரி மருத்துவரையே உருவாக்க வேண்டும் என 1946 இல் போர் குழு பரிந்துரைத்தது. மக்கள் யாவர்க்கும் ஒரே தரமான மருத்துவம் வேண்டும் என்பது அதன் உயர்ந்த நோக்கம். கிராமத்தவனுக்குக் குறைந்த மருத்துவமும் நகரத்தவனுக்கு நிறைந்த மருத்துவமும் என்னும் ஏற்றத்தாழ்வை எவரும் விரும்பார்.

ஆனால் தரம் ஒன்றாதல் வேறு, மருத்துவர் எங்கும் இருத்தல் வேறு. ஈழத்துப் போர்க்காலத்தில் இவ்வுண்மை வெளிப்பட்டது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டமை தீவக மக்கள் மறவாத துயரம். கடலைக் கடத்தல் காற்றுக்கு மாத்திரமன்றி மனிதருக்கும் அஞ்ச வேண்டியதொன்றாயிற்று. பட்டதாரி மருத்துவர் அரிதாகிய அந்நாள்களில், 2009 வரையும், வடபகுதியின் சிறிய வைத்தியசாலைகள் பலவற்றைத் தாங்கி நின்றோர் உதவி வைத்திய அதிகாரிகளும் பதிவுபெற்ற வைத்திய அதிகாரிகளுமாவர். அவ்வகுப்பினர் ஓய்வு பெற்றுச் செல்ல, அவ்விடத்தை நிரப்பப் புதியோர் பயிற்றப்படவில்லை.

இன்று ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலையும் நெடுந்தீவில் பிரதேச வைத்தியசாலையும் உள்ளன. அவசர நோயாளர் படகில் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து வாகனத்தில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு செல்லப்படுகின்றனர். கடற்படைப் படகுகளும் இதற்கு உதவுகின்றன. கட்டடமும் படகும் உண்டு. தீவிலே நிலையாகத் தங்கும் மருத்துவ அறிவே அரிதாகும் பொருள்.

வரலாறு உணர்த்துவது

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என ஒருதலையாகத் துணிதல் பொருந்தாது. பெரிய மருத்துவமனையில், பல துறைகளிலும் மருத்துவரோடு உடனிருந்து உழைப்பதற்கு மருத்துவர் துணைவர் ஏற்றவர். இந்தியாவில் இத்தொழிற் கல்வி 1992 இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிசனில், இதய அறுவை மருத்துவத்தின் சார்பிலேயே தொடங்கியமை இதற்குச் சான்று. கடலாற் பிரிந்த சிறிய ஊரில், நெடுநாள் நோயையும் தாய்சேய் நலத்தையும் முதலுதவியையும் ஒருங்கே கவனிப்பதற்கு மருத்துவத் தாதியின் வழி கூடுதலாக இசையும். நீரிழிவும் குருதி அழுத்தமும் மிகுந்து, இளையோர் வெளியேற முதியோரே மிகுந்துள்ள தீவுகளில் வேண்டப்படுவது அத்தகைய தொடர்ச்சியான கவனிப்பே. வீட்டு வாயிலை அறிந்த குடும்பநல உத்தியோகத்தரின் மரபு அங்கே முன்னமே வேரூன்றியுள்ளது.

எவ்வழியைத் தேர்ந்தாலும் மூன்று பாடங்கள் மறக்கற்பாலனவல்ல. கிறீன் வைத்தியர் உணர்ந்தவாறு, ஊரிலே தங்குவோரை ஊரிலிருந்தே தெரிந்து, ஊர்மொழியிற் கற்பித்தல் வேண்டும் என்பது முதலாவது. அப்போதிக்கரியின் வாழ்வு காட்டியவாறு, கடமையைக் கொடுத்து உரிமையையும் உயர்ச்சிப் படியையும் மறுக்கும் உத்தியோகம் நெடிது நிலவாது என்பது இரண்டாவது. மருத்துவமாதின் வெற்றி தெளிவித்தவாறு, எல்லை வரையறுக்கப்பட்ட உரிமை, அதற்கேற்ற பயிற்சி, மேலிடத்தோடு இடையறாத தொடர்பு ஆகிய மூன்றும் பொருந்தியவிடத்துப் பட்டமில்லாதவரும் ஒரு நாட்டின் இறப்புக் கணக்கை மாற்றவல்லர் என்பது மூன்றாவது.

அன்று கடிதம் கடலைக் கடக்க ஒருநாள் வேண்டியிருந்தது. இன்று தீவிலுள்ள தாதி யாழ்ப்பாணத்திலுள்ள வைத்திய நிபுணரோடு நொடிப்பொழுதில் பேச இயலும். அப்போதிக்கரிக்கு வாய்க்காத மேற்பார்வை இன்று எளிதிற் கிட்டுவதாயிற்று. குறையாயிருப்பது சட்டமும் பயிற்சியுமே. அவை இரண்டும் மனிதரால் ஆக்கப்படுவன. சோளகத்தைப்போல் தாமாகத் தணியும்வரை காத்திருக்க வேண்டியனவல்ல.